மூளைக்கட்டி நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தையும் மருத்துவச் சேவைப் பயன்பாட்டையும் அளப்பது எப்படி?

கேள்வி இதுதான்: அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையில் முதுகலை ஆய்வுக்காக, உயர்நிலை க்ளையோமா (மூளையின் ஆதரவுச் செல்களில் தோன்றி வேகமாக வளரும் கட்டி) உள்ள பெரியவர்கள் 60 பேரை ஓராண்டு தொடர வேண்டும். அவர்களுடைய வாழ்க்கைத் தரத்தையும், மருத்துவச் சேவையை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதையும் அளக்க வேண்டும். எந்தப் படிவம், எந்த நாளில், யாரிடம் கேட்பது, செலவை எப்படிக் கணக்கெடுப்பது, 60 பேர் போதுமா?

படிவத்தைத் தேர்ந்தெடுப்பது இதில் சுலபமான வேலை. இந்த நோயில் உண்மையான சிக்கல் வேறு: மிகவும் மோசமாக இருப்பவர்தான் படிவம் நிரப்ப வரமாட்டார். 12ஆம் மாதம் ஓபிக்கு நடந்து வந்து 50 கேள்விக்குப் பதில் சொல்கிறவர் நன்றாக இருப்பவர். பேச்சு போனவரும், படுக்கையில் இருப்பவரும், இறந்துபோனவரும் அந்தச் சராசரியில் இல்லை. அதனால் நோய் முற்ற முற்ற சராசரி மதிப்பெண் உயர்வதுபோலத் தெரியும். மருத்துவப் பயன்பாட்டிலும் இதே கதைதான். எழுந்து வர முடியாதவருக்கு ஓபி வருகை பூஜ்யம், செலவும் குறைவு. ஏட்டில் அவர் நலமாக இருப்பதுபோல இருக்கும். கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் இந்த இரண்டு பொய்களைத் தடுக்கும் நோக்கத்தோடு படியுங்கள்.

முதலில் நோயாளிகளைக் கலக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி க்ளையோபிளாஸ்டோமா என்றால் ஐடிஎச் மரபணு மாற்றம் இல்லாதது. அதையும், ஐடிஎச் மாற்றமுள்ள ஆலிகோடென்ட்ரோக்ளையோமாவையும் ஒரே வரைபடத்தில் போட்டால் அது எந்த நோயாளியையும் காட்டாது. முன்னதில் ஆயுள் கணக்கு மாதங்களில், பின்னதில் பல ஆண்டுகளில். மெனிஞ்சியோமா (மூளை உறையில் வரும், பெரும்பாலும் புற்றல்லாத கட்டி) சேர்க்க ஆசைப்பட்டால் அதைத் தனி ஆய்வாக வையுங்கள். அங்கே கேட்க வேண்டியதே வேறு: வேலைக்குத் திரும்பினாரா, வண்டி ஓட்டுகிறாரா, களைப்பு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறதா என்று.

படிவம்: க்யூஎல்க்யூ-சி30, அதோடு பிஎன்20. இரண்டும் இஓஆர்டிசி என்ற ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பினுடையவை. சி30 வெளியானது 1993இல். 30 கேள்விகள்: உடலியக்கம், அன்றாடப் பணி, மனநிலை, அறிவுத்திறன், சமூக வாழ்வு என 5 செயல்பாட்டு அளவுகள், களைப்பு, குமட்டல்-வாந்தி, வலி என 3 அறிகுறி அளவுகள், மூச்சுத்திணறல், தூக்கமின்மை, பசியின்மை, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, பணக்கஷ்டம் என 6 தனிக் கேள்விகள், கடைசி 2 கேள்விகள் ஒட்டுமொத்த நலம் பற்றியவை. பிஎன்20இல் மூளைக்கட்டிக்கே உரிய 20 கேள்விகள் உண்டு. எதிர்காலம் பற்றிய கலக்கம், பார்வைக் குறை, இயக்கக் குறை, பேச்சுத் தொடர்புக் குறை என்று 4 அளவுகள். தலைவலி, வலிப்பு, தூக்கக் கலக்கம், முடி உதிர்வு, தோல் அரிப்பு, கால் பலவீனம், சிறுநீர்க் கட்டுப்பாடு என்று 7 தனிக் கேள்விகள்.

மாற்றாக ஃபேக்ட்-பிஆர் இருக்கிறது. பொதுக் கேள்விகள் 27, மூளை சார்ந்தவை 23, ஆக 50. எம்டிஏஎஸ்ஐ-பிடி என்பது 22 அறிகுறிகளையும், அவை வாழ்க்கையைப் பாதிக்கும் விதம் பற்றிய 6 கேள்விகளையும் 0 முதல் 10 வரை, கடந்த 24 மணி நேரத்துக்குக் கேட்கும். அறிகுறி மட்டும் போதும், அடிக்கடி கேட்க வேண்டும் என்றால் அதுவே பொருத்தம். உங்கள் ஆய்வுக்கு சி30, பிஎன்20 ஜோடியைத்தான் சொல்வேன். பெரிய க்ளையோமா ஆய்வுகள் பலவற்றில் இவையே இருப்பதால் ஒப்பிட ஆதாரம் கிடைக்கும். அங்கீகரிக்கப்பட்ட தமிழ் வடிவம் எந்தெந்தப் படிவத்துக்கு உண்டு என்பதை அமைப்பிடமே விண்ணப்பித்துப் பெறுங்கள்; கல்வி ஆய்வுக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் கிடைத்த பிடிஎஃப்பை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள், நீங்களே மொழிபெயர்த்தும் ஒட்டாதீர்கள்.

இதோடு ஈக்யூ-5டி-5எல் கட்டாயம் வேண்டும். நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்தல், வழக்கமான வேலைகள், வலி, மனப்பதற்றம் என்று 5 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 5 நிலைகள், அதோடு 0 முதல் 100 வரையிலான ஓர் அளவுகோல். 5 நிமிடம் போதும். இதில் நினைவாற்றலும் இல்லை, பேச்சும் இல்லை, வலிப்பும் இல்லை; மூளைக்கட்டிக்கு அது பெரிய ஓட்டை. ஆனாலும் சி30 தராத ஒன்றை இது தருகிறது. இறப்புக்கு இதில் ஒரு மதிப்பு உண்டு: பூஜ்யம். சி30இல் இறந்தவருக்கு மதிப்பெண்ணே கிடையாது, அவர் கணக்கிலிருந்து மறைந்துவிடுவார். விடைகளை, முழு நலம் 1, இறப்பு 0 என்ற அளவில் ஒரே எண்ணாக மாற்றும் அட்டவணைக்கு மதிப்புத் தொகுப்பு என்று பெயர்; இந்திய மக்களிடமே கேட்டு உருவாக்கிய தொகுப்பு சண்டிகர் பிஜிஐ தலைமையில் நடந்த ஆய்விலிருந்து 2022இல் வெளிவந்திருக்கிறது. இங்கிலாந்துத் தொகுப்பை எடுத்துப் போட இனிக் காரணமே இல்லை.

கார்னாஃப்ஸ்கி மதிப்பெண்ணை (நோயாளி தன் காரியங்களை எவ்வளவு தானே செய்கிறார் என்பதற்கு 0–100 அளவு) மருத்துவர் எழுதட்டும், ஆனால் அதை வாழ்க்கைத் தரம் என்று சொல்லாதீர்கள். கார்னாஃப்ஸ்கி 90 உள்ள மளிகைக் கடைக்காரர் சில்லறைக் கணக்கு போட முடியாமல் கல்லாவை மகனிடம் கொடுத்திருப்பார். அந்த 90இல் அது தெரியாது. அறிவுத்திறனை நேரடியாக அளக்க, கடிகாரம் வரைதல் போன்ற சிறு பணிகள் கொண்ட மோகா சோதனையைச் சேருங்கள். எம்எம்எஸ்இ என்ற பழைய சோதனை இந்த நோயில் பல குறைகளைத் தவறவிடும். ஒன்றை நினைவில் வையுங்கள்: ‘ஞாபகம் சரியில்லை’ என்று நோயாளி சி30இல் சொல்வது, சோதனையில் வரும் மதிப்பெண்ணோடு ஒத்துப்போவதைவிட அவருடைய களைப்போடும் மனச்சோர்வோடும்தான் அதிகம் ஒத்துப்போகும். இரண்டும் வேறு வேறு தகவல்கள், ஒன்றுக்கு மற்றது பதிலி ஆகாது.

இத்தனையும் முடியாது, 10 நிமிடம்தான் கிடைக்கும் என்கிற நிலை வந்தால் எதை விடக்கூடாது? நரம்புப் புற்றுநோயியலில் மதிப்பீட்டு முறைகளை வகுக்கும் ரேனோ குழு 2020இல் க்ளையோமாவுக்கு முன்னுரிமைப் பட்டியல் ஒன்றைத் தந்தது. வலி, பேச்சுத் தொடர்பில் சிரமம், நோயாளி உணரும் அறிவுத்திறன், வலிப்பு, சிகிச்சையின் பக்கவிளைவு, உடலியக்கம், பணியும் சமூகப் பங்கும். படிவத்தைச் சுருக்கும்போது இவை இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

மதிப்பெண் போடுவதில் வழக்கமாக நடக்கும் தவறு திசை. சி30இல் 1 முதல் 28 வரையான கேள்விகளுக்கு விடை 1 முதல் 4. கடைசி இரண்டுக்கு 1 முதல் 7. எல்லாம் 0–100க்கு மாற்றப்படும். செயல்பாட்டு அளவில் அதிகம் என்றால் நல்லது, அறிகுறி அளவில் அதிகம் என்றால் கெட்டது, பிஎன்20 முழுக்கவே அதிகம் என்றால் கெட்டது. மனநிலைக் கேள்விகள் 21 முதல் 24க்கு ஒருவர் 2, 3, 2, 1 என்று சொன்னால் சராசரி 2. அதிலிருந்து 1 கழித்து 3ஆல் வகுத்தால் 0.333. செயல்பாட்டு அளவு என்பதால் 1லிருந்து அதைக் கழித்து 100ஆல் பெருக்க 66.7. களைப்புக் கேள்விகள் 10, 12, 18க்கு 3, 3, 2 என்றால் சராசரி 2.67, 1 கழித்து 3ஆல் வகுத்து 100ஆல் பெருக்க 55.6. இங்கே 1லிருந்து கழிப்பது கிடையாது. ஒட்டுமொத்த நலத்துக்கு 4, 5 என்றால் சராசரி 4.5; 3.5ஐ 6ஆல் வகுக்க 58.3. ஓர் அளவில் பாதிக் கேள்விக்காவது விடை இருந்தால் இருப்பதன் சராசரியை எடுக்கலாம். பாதிக்கும் கீழே போனால் அந்த அளவு காலி. தனிக் கேள்வி விடுபட்டால் விடுபட்டதுதான்.

10 புள்ளி மாறினால் நோயாளியே உணரும் மாற்றம் என்பது 1998 முதல் புழங்கும் விதி. வசதிக்குப் பயன்படுத்தலாம். ஆனால் எல்லா அளவுகளுக்கும் அது ஒரேபோலப் பொருந்தாது. முன்னேற்றத்துக்கும் சரிவுக்கும்கூட வேறுபடும். ஆய்வுத் திட்டத்திலேயே எந்த 3 அல்லது 4 அளவுகளை முதன்மையாகப் பார்க்கப்போகிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். சி30உம் பிஎன்20உம் சேர்ந்து 26 மதிப்பெண்கள் தரும். எல்லாவற்றையும் சோதித்தால் ஏதாவது ஒன்று தற்செயலாகவே ‘முக்கியம்’ என்று வந்து நிற்கும்.

எந்த நாளில் கேட்பது என்பதற்கு வருவோம். க்ளையோபிளாஸ்டோமாவுக்கான அடிப்படைச் சிகிச்சை 2005இலிருந்து பெரிதாக மாறவில்லை: அறுவைக்குப் பின் 6 வாரத்தில் 30 தவணையாக 60 கிரே கதிர்வீச்சு, கூடவே தினமும் உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 75 மி.கி. டெமோசோலமைட் என்ற புற்றுநோய் மாத்திரை, பின்னர் 28 நாள் சுற்றில் 5 நாள் வீதம் 150 முதல் 200 மி.கி., 6 சுற்று. இதை ஒட்டிப் படிவ நாட்களை வையுங்கள். அறுவைக்கு முந்தைய வாரத்தில் ஒன்று. கதிர்வீச்சு தொடங்கும் முன் ஒன்று. கதிர்வீச்சின் கடைசி வாரத்தில் ஒன்று. களைப்பு உச்சத்தில் இருக்கும் நேரம் அது. முடிந்து 4 வாரம் கழித்து, முதல் எம்ஆர்ஐ சமயத்தில் ஒன்று. அதற்குப் பின் 3 மாதத்துக்கு ஒருமுறை, எம்ஆர்ஐ நாளோடு சேர்த்து. முன்பின் 2 வாரம் வரை சலுகை தரலாம்.

மாத்திரைச் சுற்றில் எந்த இடத்தில் கேட்கிறீர்கள் என்பதும் ஒரேமாதிரி இருக்க வேண்டும். சி30 பெரும்பாலும் ‘கடந்த ஒரு வாரம்’ பற்றிக் கேட்கிறது. 6ஆம் நாள் கேட்டால் குமட்டலும், வாந்தித் தடுப்பு மருந்தான ஒண்டான்செட்ரான் தந்த மலச்சிக்கலும்தான் பதிவாகும். அடுத்த சுற்றுக்கு முந்தைய ஓரிரு நாட்களில் கேளுங்கள். எம்ஆர்ஐ முடிவைச் சொல்வதற்கு முன் கேளுங்கள். ‘கட்டி வளர்ந்திருக்கு’ என்று கேட்டு வெளியே வந்தவரிடம் வாங்கும் மனநிலை மதிப்பெண் அந்த அரை மணி நேரத்தின் மதிப்பெண், அந்த வாரத்தினுடையது இல்லை. அதேபோல மோகா சோதனைக்கு முன்பே வாழ்க்கைத் தரப் படிவத்தை முடித்துவிடுங்கள். கடிகாரம் வரையத் திணறியவர் சோர்ந்துபோய் எல்லாவற்றுக்கும் 3 போடுவார்.

ஒவ்வொரு படிவத்தின் தலைப்பிலும் அன்றைய டெக்சாமெத்தசோன் (மூளை வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு) அளவை மி.கி.யில் எழுதும் கட்டம் இருக்கட்டும். இது இல்லாமல் அளந்தால் பாதி வீண். டெக்சா கூட்டினால் ஓரிரு நாளில் வீக்கம் குறைந்து தலைவலி போகும், பசி எடுக்கும், மனிதர் எழுந்து நடப்பார், மதிப்பெண் துள்ளும். அதே மருந்து வாரக்கணக்கில் ஓடினால் தொடைத் தசை கரைந்து தரையிலிருந்து எழ முடியாமல் போகும், தூக்கம் கெடும். பிஎன்20இன் கால் பலவீனக் கேள்வி அப்போது காட்டுவது பெரும்பாலும் கட்டியை அல்ல, ஸ்டீராய்டை. வலிப்பு மருந்தையும் எழுதுங்கள். லெவிடிராசிடம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் தரும். அது நேராக மனநிலை அளவில் போய் உட்காரும். வலிப்புக்கு ஒரு தனி நாட்காட்டி கொடுங்கள். மாதம் ஒருமுறை ஃபிட்ஸ் வருபவருக்கு ‘கடந்த வாரம்’ என்ற கேள்வி பெரும்பாலும் ஒன்றுமே பிடிக்காது.

அடுத்து, படிவத்தை நோயாளி கையில் கொடுத்தபின் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வலப்பக்கப் பெரைட்டல் மடலில் கட்டி உள்ளவருக்கு இடப்பக்கம் இருப்பதே மூளையில் பதியாமல் போகலாம். சி30இல் கேள்வி இடப்பக்கம், விடை எண்கள் 1, 2, 3, 4 என்று வலப்பக்கம் வரிசையாக இருக்கும். அவர் கேள்வியின் தொடக்கத்தையே விட்டுவிட்டு நடுவிலிருந்து படிப்பார். எண்களில் இடது ஓரத்து 1 கண்ணில் படாமல் 3இலும் 4இலும் வட்டம் போடுவார். பார்ப்பவருக்கு இது கடும் துன்பத்தில் இருக்கும் ஒருவரின் படிவம். இடது கண்புலம் இழந்தவருக்கும் இதேபோல நேரலாம், ஆனால் அவர் தலையைத் திருப்பி ஈடுகட்டிக்கொள்ளப் பார்ப்பார். அச்சிட்ட அமைப்பை நீங்களாக மாற்ற அனுமதி இல்லை. ஆகவே இப்படிப்பட்டவருக்குக் கேள்வியை வாசித்துக் காட்டி, விடைகளை மேலிருந்து கீழாக எழுதிய அட்டையை அவருடைய வலப்பக்கம் பிடியுங்கள். யார் வாசித்தார், அல்லது தானே நிரப்பினாரா என்பதைப் படிவத்தில் குறியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இதே முறைதான். தானே நிரப்பினால் 15–20 நிமிடம், வாசித்தால் அரை மணி ஆகும்.

பேச்சு பாதித்தவரிடம் ‘ஆமாம்/இல்லை’ நம்பத்தக்கதா என்று முதலில் பாருங்கள். பேனாவைக் காட்டி ‘இது சாவியா?’, பிறகு ‘இது பேனாவா?’ இப்படி 4 கேள்வி. தவறாகச் சொன்னால் அன்று அவரிடம் படிவம் வாங்காதீர்கள். ‘பேச்சுப் புரிதல் குறை’ என்று காரணத்தை எழுதி வையுங்கள். விடுபட்ட ஒவ்வொரு படிவத்துக்கும் காரணம் எழுதும் கட்டம் வேண்டும்: இறப்பு, மயக்கநிலை, பேச்சு, வர மறுப்பு, தொலைவு, ஊழியர் மறந்தது. கடைசியில் சொன்னதற்கும் முதலில் சொன்னதற்கும் புள்ளியியலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். காரணம் இல்லாத வெற்றுக்கட்டத்தைப் பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது.

நோயாளியால் முடியாதபோது வீட்டாரிடம் கேட்பது எல்லோருக்கும் தோன்றும். ஆனால் முடியாமல் போன நாளில் தொடங்கினால் அது பயன்படாது. மகனோ மனைவியோ சொல்வது, நோயாளியே சொல்லியிருந்தால் வந்திருக்கும் பதிலிலிருந்து எத்தனை புள்ளி தள்ளியது என்று தெரியாது. முதல் நாளிலிருந்தே, நோயாளி நன்றாகப் பேசும்போதே, ஒரே அட்டெண்டரிடம் (உடனிருக்கும் உறவினரிடம்) ‘அவர் இதற்கு என்ன பதில் சொல்வார்?’ என்று தனியாக இன்னொரு படிவம் வாங்குங்கள். இருவரும் கலந்து பேசாமல் இருக்க வேண்டும். வீட்டார் பொதுவாக நோயாளியைவிடக் கீழாகவே மதிப்பிடுவார்கள். அறிவுத்திறன் பாதித்தவர்களில் இடைவெளி இன்னும் கூடும். முன்மடலில் கட்டி உள்ளவர் தன் குறையை உணராமல் ‘எனக்கு ஒண்ணுமில்லை’ என்பார். அங்கே வீட்டார் சொல்வதும் தேவை, அவர் சொல்வதும் தேவை. இரண்டு கோடுகளையும் தனித்தனியாக வரையுங்கள், ஒன்றாக ஒட்டாதீர்கள்.

தமிழ்நாட்டில் இன்னொன்று உண்டு. ‘கட்டின்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம், கேன்சர்னு சொல்லிடாதீங்க’ என்று வீட்டார் கையைப் பிடிப்பார்கள். சி30இன் கேள்விகளில் புற்றுநோய் என்ற சொல் இல்லை. ‘உங்கள் உடல்நிலை அல்லது சிகிச்சை’ என்றுதான் வரும். உடைவது ஒப்புதல் படிவத்தில்தான், ஆய்வின் தலைப்பிலேயே எல்லாம் இருக்கும். பிஎன்20 வேறு எதிர்காலம் இருண்டு தெரிகிறதா என்று கேட்கிறது. நோயாளிக்கு என்ன தெரியும் என்பதைச் சிகிச்சை மருத்துவரிடம் விசாரித்துவிட்டு, ஒப்புதல் படிவத்தின் சொற்களை நெறிமுறைக் குழுவில் முன்கூட்டியே பேசி முடியுங்கள். மனச்சோர்வு பற்றிய கேள்விக்கு 4 போட்டவரை யார், அன்றைக்கே, பார்ப்பது என்பதும் அந்த விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். கேட்டுவிட்டுக் கோப்பில் வைப்பது கூடாது.

எதுவரை கேட்பது? கட்டி மீண்டும் வளர்ந்த நாளோடு நிறுத்தாதீர்கள். இதன் விலை என்ன என்பதற்கு 2014இல் ஒரே இதழில் வந்த பெவாசிசுமாப் என்ற மருந்து பற்றிய இரண்டு ஆய்வுகள் சாட்சி. அவாக்ளியோவில் 921 பேர், ஆர்டிஓஜி 0825இல் 637 பேர். இரண்டிலும் நோய் வளராத காலம் நீண்டது: 6.2 மாதத்திலிருந்து 10.6, 7.3லிருந்து 10.7. இரண்டிலும் ஆயுள் நீளவில்லை. வாழ்க்கைத் தரத்தில் மட்டும் முடிவு முரண்பட்டது. முதல் ஆய்வு தரம் அதிக நாள் காக்கப்பட்டது என்றது. இரண்டாவது, மருந்து எடுத்தவர்களுக்கு அறிகுறியும் அறிவுத்திறனும் மோசமானது என்றது. முதல் ஆய்வின் ‘சரிவில்லாக் காலம்’ என்ற கணக்கில் ஸ்கேனில் கட்டி வளர்வதே சரிவாக எண்ணப்பட்டது. நோய் வளராத காலம் நீளும் மருந்துக்கு அந்தக் கணக்கு தானாகவே சாதகம். ஸ்கேனைக் கழித்துவிட்டு, படிவ மதிப்பெண் சரிய எடுத்த நாளை மட்டும் பார்த்தபோது இரு பிரிவுகளுக்கும் அப்படி வேறுபாடு தெரியவில்லை. இரண்டாவது ஆய்வு வேறு அறிகுறிப் படிவத்தையும் நேரடி அறிவுத்திறன் சோதனைகளையும் வைத்திருந்தது. பெவாசிசுமாப் ரத்தக்குழாய்க் கசிவை அடைத்து ஸ்கேனில் கட்டியை மங்கலாக்கும் என்பதால், ஸ்கேனில் தெரியாத வளர்ச்சி அந்தச் சோதனைகளில் தெரிந்திருக்கவும் கூடும். நீங்கள் ‘சரிவு’ என்பதை எப்படி வரையறுக்கிறீர்கள் என்பதை முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே எழுதி வைப்பது இதனால்தான்.

மாறாக, படிவம் சரியாக இருந்தால் ஒற்றைக் கேள்வியும் வேலை செய்யும். தலையில் மின்தகடு ஒட்டும் சிகிச்சையைச் சோதித்த ஈஎஃப்-14 ஆய்வில் 695 பேர். தகடு ஒட்டிய பிரிவில் தெளிவாக மோசமானது பிஎன்20இன் தோல் அரிப்பு மட்டுமே. தகடு ஒட்டிய இடம் அரித்தது, கேள்வி அதைப் பிடித்தது.

சில வாரமே வாழ்பவர்களிடம் எப்படி அளப்பது என்பதற்கு க்வார்ட்ஸ் ஆய்வு நல்ல பாடம். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும், நுரையீரல் புற்று மூளைக்குப் பரவிய 538 பேர்; முழு மூளைக் கதிர்வீச்சு தருவதா, ஸ்டீராய்டும் ஆதரவுச் சிகிச்சையும் போதுமா என்பது கேள்வி. ஈக்யூ-5டியை வாரம் ஒருமுறை கேட்டார்கள். ஆயுளையும் தரத்தையும் பெருக்கி, இறப்புக்குப் பூஜ்யம் போட்டுக் கணக்கிட்டதில் வித்தியாசம் சராசரியாக 4.7 நாள்தான்: 46.4க்கு 41.7. உங்கள் ஆய்விலும் இதே கணக்கு: தொடக்கத்தில் 0.8, 3ஆம் மாதம் 0.6 என்றால் சராசரி 0.7, அதைக் கால் ஆண்டால் பெருக்க 0.175. இறந்த நாளிலிருந்து பூஜ்யம். யாரும் கணக்கிலிருந்து காணாமல் போவதில்லை.

இனி மருத்துவச் சேவைப் பயன்பாடு. யாருடைய பார்வையில் எண்ணுகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். மருத்துவமனைப் பார்வை என்றால் படுக்கை நாள், அறுவை, ஐசியு நாள், ஸ்கேன், மருந்து. குடும்பப் பார்வை என்றால் அதோடு பஸ், லாட்ஜ், சாப்பாடு, போன கூலி, வீட்டில் பார்த்துக்கொள்பவரின் நேரம். என் பரிந்துரை இரண்டையும் எழுதி, தனித்தனிப் பத்தியில் காட்டுவது.

உங்கள் மருத்துவமனைப் பதிவேடு மட்டும் போதாது. க்ளையோமா நோயாளி அறுவையை அரசு மருத்துவமனையில் செய்துகொள்வார், ஸ்கேன் தனியார் சென்டரில், ராத்திரி ஃபிட்ஸ் வந்தால் 108இல் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி, மாத்திரை மெடிக்கல் ஷாப்பில், நடுவே சித்த வைத்தியமும் உண்டு. ஆளுக்கு ஒரு நோட்டும் ஒரு ஜிப் பையும் கொடுங்கள். ஓபி சீட்டு, பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் பையில். மாதம் ஒருமுறை போன். வரும்போது பையைப் பார்த்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நினைவை எவ்வளவு நம்பலாம் என்பதற்குத் தேசிய மாதிரி ஆய்வின் சுகாதாரக் கணக்கெடுப்பு ஒரு வழிகாட்டி: அட்மிஷனுக்கு 365 நாள், வெளிநோயாளி சிகிச்சைக்கு 15 நாள். அட்மிஷன் மறக்காது; ஓபி வருகை மறக்கும். மூளைக்கட்டி நோயாளியின் ஞாபகமே பாதிக்கப்பட்டிருக்கும் என்பதால் இந்தப் பகுதியை அட்டெண்டரிடமே கேளுங்கள்.

கதிர்வீச்சை 30 ஓபி வருகையாக எண்ணாதீர்கள். அப்படி எண்ணினால் அந்த 30 மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். சிகிச்சையை ஒரு கோர்ஸாக எழுதுங்கள். போக்குவரத்தையும் தங்கலையும் மட்டும் 30 நாளுக்கு எழுதுங்கள். ‘கரண்ட் வைக்க’ தருமபுரியிலிருந்து சென்னைக்கு வந்து 6 வாரம் தங்கும் குடும்பத்துக்குப் பெரிய செலவு அந்தத் தங்கலும் நின்றுபோன கூலியும்தான், சிகிச்சை இலவசமாகவே இருந்தாலும். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் இரண்டு அட்மிஷன் அல்ல, ஒரே நிகழ்வு. அட்மிஷன் பில்லுக்குள் இருக்கும் எம்ஆர்ஐயைத் தனியாகவும் எண்ணிவிடாதீர்கள்.

விலை போடும்போது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் பேக்கேஜ் தொகையைச் செலவு என்று எழுதுவது பரவலான பிழை. அது அரசு தரும் தொகை. மருத்துவமனைக்கு உண்மையில் ஆன செலவு வேறு, குடும்பத்தின் கைக்காசு வேறு. எண்ணிக்கையையும் அலகுச் செலவையும் தனித்தனியாக வையுங்கள், பிறகு பெருக்குங்கள். விலை பின்னால் மாறலாம், எண்ணிக்கை மாறாது. கைக்காசு குடும்ப நுகர்வில் 10 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்க, குடும்பத்தின் மாதச் செலவைத் தொடக்கத்திலேயே கேட்டுவைக்க வேண்டும். வருமானத்தைக் கேட்டால் நேர்ப்பதில் வராது; செலவைக் கேளுங்கள். பார்த்துக்கொள்பவரின் நேரத்தை ‘அவர் நன்றாக இருந்தால் உங்களுக்கு இருந்திருக்காத வேலை ஒரு நாளைக்கு எத்தனை மணி?’ என்று கேட்டு வாங்குங்கள். அவர் இழந்த கூலியாலும், வீட்டு நர்ஸுக்குத் தர வேண்டிய கூலியாலும் இரு வழியில் மதிப்பிட்டுக் காட்டலாம். அவருடைய சுமைக்கு சாரிட் படிவத்தின் 22 கேள்விகள் போதும்.

எல்லா எண்ணிக்கையையும் உயிரோடு இருந்த மாதங்களால் வகுங்கள். 12 மாதம் வாழ்ந்து 24 முறை வந்தவர் மாதத்துக்கு 2. 3 மாதம் வாழ்ந்து 9 முறை வந்தவர் மாதத்துக்கு 3. வகுக்காமல் பார்த்தால் இரண்டாமவர் குறைவாகப் பயன்படுத்தியவர் போலத் தெரிவார். செலவு தொடக்கத்திலும் கடைசியிலும் ஏறி, நடுவில் இறங்கும். ஆகவே இறந்தவர்களுக்கு இறந்த நாளிலிருந்து பின்னோக்கி 30 நாள் எடுத்து, அவசரப் பிரிவு, ஐசியு, இறந்த இடம் மூன்றையும் தனியாகப் பதியுங்கள். இதற்காக வீட்டாருக்கு ஒரு கடைசி போன் வேண்டும். இறந்து 4 முதல் 6 வாரம் கழித்து, அதுவரை அவர்களோடு பேசிப் பழகியவரே செய்ய வேண்டும். செலவு சிலருக்கு மட்டும் எகிறும் என்பதால் மீடியனைக் காட்டலாம், ஆனால் சராசரியை விடக்கூடாது. மொத்தப் பட்ஜெட் சராசரியிலிருந்துதான் வரும். பூட்ஸ்ட்ராப் முறையில் (கையிலுள்ள தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிட்டு) அதன் நம்பக எல்லையைக் கொடுங்கள்.

60 பேர் போதுமா? 10 புள்ளி மாற்றத்தைக் காண, மாற்றத்தின் திட்ட விலக்கம் 25 என்று வைத்தால், 80 சதவீதத் திறனுக்கு (அந்த மாற்றம் உண்மையில் இருந்தால் 80 சதவீத வாய்ப்பில் பிடிபட) 49 ஜோடிப் படிவங்கள், அதாவது 49 பேரின் முன், பின் படிவங்கள், வேண்டும். 6 மாதத்தில் 40 சதவீதம் பேர் விடுபடுவார்கள் என்று கொண்டால் கையில் இருப்பது 36 ஜோடி. அதில் சுமார் 12 புள்ளி மாற்றம் வரை பிடிபடும். 49 ஜோடி மிஞ்ச 82 பேரைச் சேர்க்க வேண்டும். அறுவையின் அளவு, வயது என்று 30, 30ஆகப் பிரித்து ஒப்பிட்டால், யாரும் விடுபடாவிட்டாலும்கூட 18 புள்ளிக்குக் குறைந்த எதுவும் தெரியாது. ஒரே குழுவாகத் தொடருங்கள். செலவில் இரு பிரிவுகளை ஒப்பிட இந்த எண்ணிக்கை போதாது. மாதவாரிப் பயன்பாட்டை நம்பக எல்லையோடு விவரிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விடுபட்ட மதிப்பெண்களுக்கு ‘கடைசியாகச் சொன்னதையே தொடர்வது’ என்ற பழைய முறை வேண்டாம். சரிந்துகொண்டிருப்பவரை அது அப்படியே நிற்பவராகக் காட்டிவிடும். ஒருவர் சில படிவங்களை விட்டிருந்தாலும் தந்தவற்றையெல்லாம் பயன்படுத்தும் கலப்பு மாதிரி என்ற புள்ளியியல் முறையை முதன்மையாகப் போடுங்கள். பிறகு, விடுபட்டவர்கள் வந்தவர்களைவிட 10 புள்ளி, 20 புள்ளி கீழே இருந்ததாக வைத்து மீண்டும் ஒருமுறை ஓட்டுங்கள். முடிவு மாறினால் அதையும் அதே அட்டவணையில், அடுத்த வரியிலேயே அச்சிடுங்கள். ஒவ்வொரு வரைபடத்தின் அடியிலும் அந்த மாதம் உயிரோடு இருந்தவர் எத்தனை, அவர்களில் படிவம் தந்தவர் எத்தனை என்ற இரண்டு எண்களும் இருக்க வேண்டும்.